விளம்பரக் கூட்டு நிழற்படம்

வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கணினியில் இணைத்து, ஒரே கணத்தில் ஒரே கேமரா பார்த்த காட்சிபோல் ஆக்கப்படும் விளம்பரப் படம். சென்னை ஸ்டுடியோக்களில் ‘மெர்ஜிங்’, ‘காம்போசிட்’ என்ற பெயர்களில் வழங்குகிறது. தி.நகர் ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், நகைக்கடைப் பதாகை, நாளிதழில் முழுப்பக்கம் வரும் அடுக்குமாடிக் குடியிருப்பின் படம் எனப் பலவும் இவ்வகையில் உருவாகின்றன. கணினியில் முடிகிற வேலை இது. ஆனாலும் படம் தேறுமா தேறாதா என்பது படப்பிடிப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

வரலாறு

இந்த வேலைக்குக் கணினி வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே இந்தக் கலை இருந்தது. 1857-இல் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் ஒரு மரணப் படுக்கைக் காட்சியை உருவாக்கினார். சோகத்தைச் செயற்கையாகக் கட்டமைக்கலாமா என்று அப்போதே கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் பல தலைமுறைகளாக இறந்தவரின் படத்தைக் குடும்பப் படத்தில் வெட்டி ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படமெடுத்துக் கொடுத்து வந்தன. திரைப்படத்தில் ஒரே நடிகர் இரு வேடத்தில் தோன்ற, லென்ஸின் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை எடுத்தார்கள். பி.யு. சின்னப்பா இரு வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ 1940-இல் வெளியானது.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. உண்மையான திருப்பம் 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பு. அதில்தான் லேயர்கள் வந்தன. அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். அதன் பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியே நகர்த்தலாம், நிறம் மாற்றலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

படப்பிடிப்பு: சாந்தோம் பின்னணி

சென்னை சாந்தோம் கடற்கரையில் ஒரு குடும்பம் நிற்பதாக விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையை ஒரு நாள் காலையிலும் மாடல்களை வேறொரு நாள் ஸ்டுடியோவிலும் எடுக்கிறார்கள். மாடல்களின் தேதி, ஒப்பனை, மழை, வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாவற்றையும் யோசித்தால் இந்தப் பிரிப்பு நியாயமானதே. பின்னணியை எப்போதும் முதலில் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ விளக்கைச் சூரியனுக்கு ஏற்ப வைக்கலாம், சூரியனை விளக்குக்கு ஏற்ப வைக்க முடியாது.

இங்கே கடல் கிழக்கே. காலை ஏழு மணிக்குக் கடலைப் பார்த்துக் கேமராவை வைத்தால் வெளிச்சம் ஆட்களின் முதுகில் விழும். தலைமுடியின் ஓரத்தில் ஒளிக்கோடு மின்னும், முகம் வானத்து நீல வெளிச்சத்தில் மட்டும் தெரியும். மேற்கே திரும்பி, 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பின்னணியாக்கினால் முகத்தில் நேர்வெயில். நிழல் கோபுரத்தை நோக்கி நீளும். கேமரா வைத்த முக்காலியின் நிழல் சட்டகத்துக்குள் வந்துவிடாமலும் பார்க்க வேண்டும். ஸ்டுடியோவில் பிரதான விளக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், நிழலின் விளிம்பு கூர்மையா மங்கலா என்ற மூன்றும் இந்தக் காலை வெயிலோடு ஒத்துப்போக வேண்டும். நண்பகலில் எடுத்த பின்னணி அநேகமாகப் பயன்படாது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், கண்குழிகள் இருண்டுவிடும்.

பலர் தவறவிடுவது தொடுவானத்தை. சமதரைக் கடற்கரையில் கேமராவின் லென்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில்தான் தொடுவானக் கோடு நிற்கிறவர்களின் உடலை வெட்டும். லென்ஸ் நான்கடி உயரத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கும் ஐம்பதடி தள்ளி நிற்பவருக்கும் அந்தக் கோடு தரையிலிருந்து நான்கடியில்தான் ஓடும். ஸ்டுடியோவில் ஐந்தரை அடி உயரத்திலிருந்து எடுத்த ஆளை இந்தப் பின்னணியில் வைத்தால், கத்தரிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவர் மணலில் நிற்க மாட்டார், சரிவார். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ இடிக்கிறது என்பது மட்டும் தெரியும். அதனால் லென்ஸின் குவியத்தூரம், உயரம், சாய்வு, ஆள் நிற்க வேண்டிய தூரம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். ஒரு சாம்பல்நிற அட்டையையும் ஒரு சாம்பல்நிற உருண்டையையும் ஆள் நிற்க வேண்டிய இடத்தில் வைத்துத் தனியே ஒரு படம் எடுப்பார்கள். அட்டை நிறத்தைச் சொல்லும், உருண்டை வெளிச்சத்தின் திசையைச் சொல்லும்.

காற்றும் கணக்கில் உண்டு. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து கரைக்கு வீசும். விடியலில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி. அருகிலுள்ள நொச்சிக்குப்பத்து மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பின்னணியில் கொடியும் அலைநுரையும் ஒரு பக்கம் சாய, மாடலின் முந்தானை எதிர்ப்பக்கம் பறந்தால் படம் கெட்டது. ஸ்டுடியோ மின்விசிறியை எங்கே வைப்பது என்பதைக் கடற்கரையிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பு

ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க ‘பென் டூல்’ கொண்டு பாதை வரைவார்கள்; தலைமுடி, ஜரிகைக் குஞ்சம் போன்ற நுண்ணிய பகுதிகளுக்கு, வேண்டாததை மறைக்கும் ‘மாஸ்க்’. கத்தரிப்பதைவிட உட்கார வைப்பதே கடினம். பாதமும் மணலும் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த நிழல் வேண்டும். மணலில் பட்டுத் திரும்பும் மஞ்சள் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் வேட்டிக் கரையிலும் ஏற வேண்டும். கடலோர உப்புக் காற்றில் தூரத்துக் கருமை வெளுத்துத் தெரியும். அருகில் நிற்பவரின் தலைமுடிதான் படத்திலேயே அதிகக் கருப்பாக இருக்க வேண்டும். கடைசியில் எல்லாத் துண்டுகள் மீதும் ஒரே அளவான நுண்மணி (‘கிரெய்ன்’) சேர்க்க வேண்டும். 2023-இல் போட்டோஷாப்பில் வந்த செயற்கை நுண்ணறிவு நிரப்பு வசதி, வெறும் மணலையும் வானத்தையும் நொடியில் நீட்டித்துத் தருகிறது. தொடுவான விதியை அது தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

பதாகைக்குத் தேவைப்படும் கோப்பு, பலர் நினைப்பதைவிடச் சிறியது. 40 அடிக்கு 20 அடி ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 30 புள்ளி போதும் என்றால் 14,400-க்கு 7,200 பிக்ஸல். தொலைவிலிருந்து பார்ப்பதால் இது போதுமானது. நாளிதழுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் அச்சு மையின் நான்கு நிறங்களுக்கு மாற்றும்போதுதான் இழப்பு: கிளிப்பச்சையும் ராணி பிங்க்கும் திரையில் பார்த்த பளபளப்பை இழந்துவிடும்.

பட்டும் நகையும்

சென்னையில் இந்தக் கலைக்கு அதிக வேலை கொடுப்பவை ஜவுளியும் நகையும். கழுத்தாரத்தை மிக அருகிலிருந்து எடுத்தால் முன்கல் தெளிவாகவும் பின்கல் மங்கலாகவும் விழும். எனவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் சேர்ப்பார்கள். பிறகு அதை மாடலின் கழுத்தில் வைப்பார்கள். இது ஏமாற்று இல்லை, கண்ணால் பார்ப்பதைக் கேமராவும் பார்க்க உதவுகிற வேலை. புடவை விஷயம் வேறு. ஒரே புடவையை எடுத்து, கணினியில் நிறத்தை மாற்றிப் பத்து நிறங்களில் காட்டுவது எளிது. ஆனால் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்தால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். கணினியில் பூசிய நிறம் அப்படி மாறாது. வாங்குபவர் பணம் கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். அதை மாற்றுவது அலங்காரம் ஆகாது.

நேர்மையும் சட்டமும்

விளம்பரம் காட்சியைப் புனையலாம், செய்திப்படம் புனையக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பிரதமர் சென்னையை வானிலிருந்து பார்வையிட்ட படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. விமான ஜன்னலில் வேறொரு வெள்ளக் காட்சி சேர்க்கப்பட்டிருப்பதைப் பலர் சுட்டிக்காட்டியதும் படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாக அலுவலகமே விளக்கம் தந்தது. விளம்பரத்துக்கும் எல்லை உண்டு. சாந்தோமின் வானத்தை மாற்றலாம். விற்கிற பொருளையும் அதன் பலனையும் மாற்றக் கூடாது. பிரபலமானவரின் முகத்தையோ பாவனையையோ அனுமதியின்றிச் சேர்க்கவும் கூடாது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அவருடைய ஆளுமை உரிமையை ஏற்றது.

வீட்டு விளம்பரத்தில் இல்லாத பூங்காவை ஒட்டி, அதை நம்பி ஒருவர் முன்பணம் கட்டி நஷ்டமடைந்தால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அவருக்கு இழப்பீடு பெறும் உரிமையைத் தருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். படத்தில் பார்த்த நிறம் கையில் வந்த புடவையில் இல்லையென்றால் விளம்பரத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.