கல்வெட்டில் ஏறாத அடுக்களை

எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் முதலில் அதிட்டானத்தைச் சுற்றிவந்து எழுத்துகளைத் தேடுவது எங்கள் குழுவினரின் பழக்கம். திருவண்ணாமலையிலும் அவ்வாறே செய்தோம். அண்ணாமலையார் திருக்கோயிலின் சுவர்களில் சோழர் காலம் தொடங்கி விசயநகர, நாயக்கர் காலம் வரையிலான சாசனங்கள் நிறைந்திருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தொகுத்து 1990இல் நூலாக்கியது. நொந்தா விளக்குக்கு ஆடுகள், திருவமுதுக்கு நெல், நெய்க்கும் தயிருக்கும் அளவு எனக் கொடை முறைகள் யாவும் நமக்குப் பழகியவைதாம்.

திருவமுதைப் பற்றி நம் கல்வெட்டுகள் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, செந்நெல் அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சருக்கரை, கறியமுது என்று வரிசையாகக் கூறிச்சென்று காயம் எவை என்பதையும் சொல்கிறது. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி! மிளகாய் இல்லை, அது போர்த்துக்கீசியர் வந்த பின்னர் நம் அம்மிக்கு ஏறியது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இறைவன் என்ன உண்டான் என்பதை நம்மால் அளவோடு சொல்ல முடிகிறது. அதே நாளில் அந்தக் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன சமைத்தாள் என்று கேட்டால் நாம் கைவிரிக்க வேண்டியதுதான். வீட்டு அடுக்களைக்குக் கல்வெட்டு கிடையாது.

இந்த எண்ணத்தோடு ராஜகோபுரத்தைவிட்டு வெளியே வந்து செங்கம் சாலையில் நடந்தபோதுதான், திருவண்ணாமலையில் அத்தகைய ஆவணம் ஒன்று உண்டே என்பது நினைவுக்கு வந்தது. அது கல்லில் இல்லை. இரமணாசிரமத்தோடு தொடர்புடைய நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. பெரும்பாலும் மெய்யியல் தேடுவோரே அவற்றைப் படிக்கிறார்கள். நாமோ வேறு கண்ணோடு படித்துப் பார்க்கலாம் என்று துணிந்தோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு தமிழ்க் கோயில் நகரம் எப்படிச் சமைத்தது, யார் சமைத்தார்கள், யார் யாருக்குப் பரிமாறினார்கள் என்பதற்கு இவ்வளவு நெருக்கமான சான்று வேறெங்கும் எளிதில் கிட்டாது.

திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் தம்மை மறந்து கிடந்த அந்தச் சிறுவனுக்குத் தொடக்க நாள்களில் கிடைத்த உணவு எது தெரியுமா? உமையம்மைக்குத் திருமுழுக்காட்டிய பால். பாலோடு நீர், மஞ்சள்பொடி, சருக்கரை, வாழைப்பழத் துண்டுகள் எல்லாம் கலந்து ஓடிவந்த நீர்மம் அது. கோயிலில் இருந்த மௌனசாமி ஒருவர் அதைக் கொண்டுவந்து புகட்டினார். இதைக் கண்டு வருந்திய அருச்சகர், இனித் தூய பாலையே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கல்வெட்டுக் கொடைகளின் வழிவந்த திருவமுதில் ஒரு துளி, எந்தச் சாசனத்திலும் எழுதப்படாத ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

பிறகு அவர் தெருவில் இறங்கினார். ஒரு வீட்டின் முன் நின்று கைதட்டுவார்; இட்ட சோற்றைக் கையிலேயே வாங்கித் தெருவிலேயே உண்டுவிட்டு நகர்வார். வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அந்த வீடுகளின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இந்நகரத்து இல்லத்தரசிகள் தம் பானையிலிருந்து ஒரு பிடியை எடுத்து வெளியே நீட்டிய அந்தச் செயலிலிருந்துதான் பின்வந்த அனைத்தும் தொடங்குகின்றன.

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் வாழ்ந்த நாள்களில் அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. முறையான சமையல் இல்லை. அடியவர்கள் நகரத்துக்குள் இறங்கிப் பிச்சை ஏற்று வருவார்கள். புறப்படும்போது குகையில் ஒருமுறை சங்கு ஊதுவார்கள். மலையடிவாரத்தில் இரண்டாம் முறை. தெருமுனையில் மூன்றாம் முறை. சங்கொலி கேட்டதும் வீடுகளில் சோறு ஆயத்தமாகிவிடும். இந்த நன்மதிப்பைக் கண்ட வேறு சிலர், தாங்களும் குகையிலிருந்து வருவதாகச் சொல்லி உணவைப் பெற்றுச் செல்லத் தொடங்கினார்களாம். அடையாளம் வேண்டும், தனிப் பாட்டு ஒன்று வேண்டும் என்று அடியவர்கள் கேட்க, 108 கண்ணிகளில் பிறந்தது அருணாசல அட்சரமணமாலை. இன்று பக்தி இலக்கியமாக மட்டுமே ஓதப்படும் அந்நூல், ஒரு காலத்தில் திருவண்ணாமலைத் தெருக்களில் வீட்டுச் சோற்றுக்கான கடவுச்சீட்டாகவும் இருந்தது. இலக்கிய வரலாறு எழுதுவோர் இந்தச் செய்தியை ஏனோ அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு அது தலைப்பிலேயே இருக்க வேண்டிய செய்தி.

கிடைத்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து சமமாகப் பங்கிட்டார்கள். சில நாள் கஞ்சி மட்டும் காய்ச்சிக் குடித்தார்கள். உப்புகூட இருக்காது. உப்பைக் கேட்கத் தொடங்கினால் அடுத்துப் பருப்பு வேண்டும் என்று தோன்றும், பின்னர்ப் பாயசம் வேண்டும் என்று தோன்றும். ஆகையால் உப்பே வேண்டாம் என்று விட்டோம் எனப் பிற்காலத்தில் இரமணர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார்.

இக்காலத்தில் மலையேறி உணவு கொண்டுவந்த மூன்று மூதாட்டியரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. முதலியார் பாட்டி, கீரைப் பாட்டி, எச்சம்மாள். போளூரை அடுத்த மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள் கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்து இழந்தவர். ஆறாத் துயரோடு மலைக்கு வந்த அவர், நாள்தோறும் சமைத்து எடுத்துக்கொண்டு குகைக்கு ஏறத் தொடங்கினார். 1945இல் தாம் மறையும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆசிரமத்தில் அடுக்களை வந்த பிறகு, இனி வெளியுணவு எதற்கு என்று ஒருநாள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். உணவு மணி அடித்தும் இரமணர் எழுந்திருக்கவில்லை. காரணம் புரிந்தவர்கள் நகரத்துக்கு ஓடி எச்சம்மாளை வேண்டி அழைத்துவந்த பின்னரே பந்தி நடந்தது என்று நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன.

கீரைப் பாட்டி குகை நமசிவாயர் மண்டபத்தில் வாழ்ந்தவர். மலையில் திரிந்து கீரை கிள்ளுவதும், வேகவைப்பதும், அதில் ஒரு பங்கை இரமணருக்குக் கொடுப்பதுமே அவருடைய வாழ்க்கை. அவருக்குத் துணையாக இரமணரும் கீரை பறித்ததுண்டு. ஆரணி அரிசிக்கும் நிலக்கடலைக்கும் பெயர்பெற்றது இந்த வட்டாரம். சவ்வாது மலைமேல் ஏறினால் சாமை. ஆனால் நிலமில்லாத ஒரு கிழவிக்கு விளைநிலம் முள்ளடர்ந்த அண்ணாமலைதான்.

அன்னை அழகம்மாள் 1916இல் மகனோடு நிலையாகத் தங்க வந்தார். அவ்வாண்டே குகையிலிருந்து மேலேயுள்ள கந்தாசிரமத்துக்கு இடம் மாறினார்கள். தாய் வந்தால் அடுப்பு வராமல் இருக்குமா? சிறிது சிறிதாகப் பாத்திரம் சேர்ந்தது, சமையல் தொடங்கியது. ஆசாரம் மிகுந்த அந்த அம்மையார் வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் கண்டு தயங்கும்போது, அவை மோட்சத்துக்கே குறுக்கே நிற்குமோ என்று மகன் கேலி செய்வாராம். மலைமேல் வாழ்ந்த அந்த நாள்களில்தான் ஒருமுறை அன்னை அப்பளம் இட உதவிக்கு அழைக்க, மகன் மாவு பிசையாமல் பாட்டு எழுதினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அப்பளப் பாட்டின் ஞானப்பொருளை விளக்குவோர் பலர். ஒரு வரலாற்று மாணவனுக்கோ அது செய்முறைக் குறிப்பு. உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம். உலக்கையால் இடிப்பது, குழவியால் தேய்ப்பது, நெய்யில் பொரிப்பது என எதுவும் விடுபடவில்லை. எழுதியவர் பிசையவில்லைதான், ஆனால் பிசைவதை உற்றுப் பார்த்திருக்கிறார்!

1922 மே 19ஆம் நாள் அன்னை மறைந்தார். அடிவாரத்தில் அவரது சமாதியைச் சுற்றியே ஆசிரமம் எழுந்தது. ஒரு தாயின் சமாதி கோயிலானதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அவள் மூட்டிய அடுப்பும் தொடர்ந்து எரிந்தது என்பதே நாம் இங்கே சேர்க்க விரும்புவது.

அந்த அடுக்களையில் இரமணர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். விடிவதற்கு வெகு முன்னே எழுந்து காய் நறுக்குவார், துவையல் அரைப்பார், சிந்திய கடுகையும் அரிசியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். உடன் பணியாற்றியவர்கள் சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், இராமநாதபுரத்துச் சாந்தம்மாள் முதலியோர். இவர்களில் பலர் கணவரை இழந்தவர்கள். அக்காலத்துத் தமிழ் அந்தண இல்லங்களில் கைம்பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் சமையற்கட்டுதான். ஆனால் அங்கே அவள் சமைத்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே அவர்களே தம் வாயால் சொல்ல, அது பதிவாயிற்று. பால் பிரண்டன் 1931இல் வந்தார். சாமர்செட் மாம் 1938இல் வந்தார். அவர்கள் எழுத்தில் உலகம் கண்டது கூடத்தில் அமர்ந்திருந்த மௌனத் திருவுருவத்தை. புகை மண்டிய அடுக்களையில் கரண்டியும் கையுமாக நின்ற மனிதரை நமக்குக் காட்டியவர்கள் இந்தப் பெண்களே.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கலாகாது. பொழுது சாய்ந்ததும் பெண்கள் ஆசிரமத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. விடியற்காலைக் காய் நறுக்கலில் ஆண்களே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் போலும். சமைப்பவர்கள் பிராமணர்களாகவே இருந்தார்கள். உணவுக்கூடத்தின் நடுவே தடுப்பு ஒன்று இருந்தது. ஒருபுறம் பிராமணர், மறுபுறம் ஏனையோர். இருபுறமும் தெரியும் இடத்தில் இரமணர் அமர்ந்தார். எல்லோருக்கும் ஒரே உணவு; தமக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கடிந்துகொள்வார். வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்கு முதலில் இட்ட பிறகே பந்தி. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆயினும் தடுப்பு தடுப்புதான். அதை அவர் ஏன் அகற்றச் சொல்லவில்லை என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. ஆசாரத்தை விடமுடியாதவர்களும் வந்து உண்ணட்டும் என்று விட்டிருக்கலாம் என்றார் ஒருவர். தடுப்புக்கு அப்பால் அமர்ந்தவன் அதை அப்படி எடுத்துக்கொண்டிருப்பானா என்று கேட்டார் மற்றொருவர். எங்களில் பெரும்பாலோர் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தோம்.

சம்பூர்ணம்மாள் கூறும் ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒருமுறை யாரோ வண்டி நிறையக் கத்தரிக்காய் அனுப்பிவிட்டார்கள். நாள்தோறும் கத்தரிக்காய்தான். நறுக்கி எறிந்த காம்புகள் மூலையில் குவிந்துவிட்டன. அவற்றையும் கறியாகச் சமைக்கும்படி இரமணர் சொல்ல, மாடும் தின்னாத காம்பா என்று அம்மையார் திகைத்தார். காய்ந்த பட்டாணியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கொதித்தும் காம்பு ஆணி போலவே கிடந்தது. அப்போது இரமணர் உள்ளே வந்து, கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டுப் பேசாமல் போனார். சற்று நேரத்தில் காம்பு குழைந்துவிட்டது. பந்தியில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்கள். இது என்ன காய் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரமணர் மட்டும் தம் பங்கை மருந்துபோல் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மறுமுறை வேண்டாமென்றார்.

ஊர் திரும்பியதும் எங்களில் ஒருவர் வீட்டில் இதைச் செய்துபார்த்தோம். கத்தரிக்காம்பு கால் கிலோ, பட்டாணி ஒரு கைப்பிடி. முதல் இரண்டு மணி நேரம் வரலாற்று ஆர்வத்தில் கழிந்தது. மூன்றாம் மணியில் அந்த வீட்டு அம்மாள் வந்து எரிவாயு உருளையின் விலையைச் சொன்னார். காம்பைக் குக்கரில் மாற்றி எட்டு விசில் விட்டார். தோலை உரித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் எடுத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினார். கறி நன்றாகவே இருந்தது. இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். தம் பாட்டி முருங்கைக்காய்ச் சக்கையைக்கூட விடமாட்டார் என்றார். எந்த ஊர்ப் பாட்டி, வேறு என்னென்ன செய்வார் என்று நாங்கள் குறிப்பேட்டை எடுப்பதற்குள் அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.