பற்சொத்தைத் தடுப்பு: மேற்குச் சென்னைப் புறநகர்க் குடும்பங்களின் பல் பராமரிப்பு

வாயில் உருவாகும் அமிலம் பல்லைக் கரைத்துக் குழியாக்குவதே பற்சொத்தை. அன்றாடப் பழக்கங்களாலும் எளிய மருத்துவ முறைகளாலும் அதை வரவிடாமல் காப்பது பற்சொத்தைத் தடுப்பு. உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேருக்கு நிலைப்பற்களில் சொத்தை இருப்பதாகவும், 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. இந்தியப் பல் மருத்துவக் குழு 2002–03-இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது. இவ்வளவு பரவலாக இருந்தும், குடும்பத்தினரே வீட்டில் பெருமளவு தடுத்துவிடக்கூடிய நோய் இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் வாழ்க்கை முறையை வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பகுதியும் வாழ்க்கை முறையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1961-இல் தொடங்கப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் இப்பகுதியைத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்த்தன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. ஷிப்ட் வேலை, நீண்ட ரயில், பேருந்துப் பயணம், வேலைக்கு நடுவே டீ, வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளி வாசலில் மிட்டாய்க் கடை என்பதே இங்குள்ள பல வீடுகளின் நாள். பல் நலனுக்கு முதன்மையானது, இந்த நாளில் இனிப்பு எத்தனை முறை வாய்க்குள் போகிறது, பல் எப்போது துலக்கப்படுகிறது என்பதுதான்.

சொத்தை உருவாகும் விதம்

பல்லின் மேல் எப்போதும் படியும் மெல்லிய பசைப் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. படலத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலடுக்கான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பி.எச். சரிகிறது என்பதையும், எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் அளந்து காட்டினார்.

எச்சில் கரைந்த தாதுக்களைத் திரும்பப் பல்லில் சேர்க்கும்; ஃபுளூரைடு அந்த வேலையை விரைவுபடுத்தும். கரைவது கூடிச் சேர்வது குறையும்போது முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி தோன்றும். இந்த நிலையில் வலி இராது; பல்லையும் மீட்டுவிடலாம். அதைக் கவனிக்காவிட்டால் குழி விழும். குழி எனாமலைத் தாண்டி அதன் அடியிலுள்ள டென்டினை எட்டும்போது குளிர்ச்சியும் இனிப்பும் கூசும். பல்லின் நடுவே நரம்புள்ள பற்கூழை எட்டினால் தூங்கவிடாத வலியும் சீழும் வரும். வலிக்கும்போதுதான் மருத்துவரிடம் போவது என்றால், நோய் தன் பாதையில் பெரும்பகுதியைக் கடந்த பிறகே சிகிச்சை தொடங்குகிறது என்று பொருள்.

உணவும் நேரமும்

எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதும் சொத்தையைத் தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945-இல் தொடங்கி நடந்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு வேண்டுமென்றே இனிப்புக் கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வு இன்றைய மருத்துவ அறநெறிக்கு முற்றிலும் ஒவ்வாதது. சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையைவிட, சாப்பாட்டுக்கு இடையே உண்ட ஒட்டும் மிட்டாய் பற்களைப் பல மடங்கு கெடுத்ததை அது பதிவு செய்தது.

தொழிற்பேட்டையின் நாளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சர்க்கரை போட்ட டீயை வேலைக்கு நடுவே ஐந்து முறை குடிப்பவரின் பற்கள், ஒவ்வொரு முறையும் அரைமணி என்று வைத்தாலும், இரண்டரை மணி நேரம் அமிலத்தில் இருக்கின்றன. டீயை இரண்டு வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வதோ, இடைவேளை டீயைச் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்குவதோ அந்த நேரத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும். குழந்தைகள் டீயில் தோய்த்துச் சாப்பிடும் பிஸ்கட், பன், ரஸ்க், ஜவ்வு மிட்டாய் ஆகியவை பற்களின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். இனிப்புக் கொடுப்பதென்றால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுப்பது நல்லது. பள்ளி விட்டு வந்த பசிக்கு வேகவைத்த சுண்டல், வேர்க்கடலை, மோர், கொய்யாக்காய் போதும். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. பெரியவர் ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது சுமார் 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு டீஸ்பூன்.

துலக்கும் முறை

ஒரு நாளில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தவறவிட நேர்ந்தால் இரவுத் துலக்கலைத் தவறவிடக்கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைவதால், பல்லில் தங்கிய சர்க்கரை இரவு முழுக்க வேலை செய்யும். நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு இரவு என்பது அவர் படுக்கப்போகும் நேரம்தான். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர், படுக்கும் முன் துலக்க வேண்டும்.

மிருதுவான நாரிழைகள் கொண்ட பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் துலக்குவது சரியான முறை. முன்பற்களோடு நின்றுவிடாமல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தையும் எட்ட வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும்; தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் ஃபுளூரைடு கழுவிப் போய்விடும். பற்களின் இடுக்குகளில் பிரஷ் நுழையாது; அங்கே ஃபிளாஸ் நூலைப் பயன்படுத்தலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது நாரிழைகள் விரிந்தவுடன், பிரஷ்ஷை மாற்ற வேண்டும்.

பேஸ்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஃபுளூரைடு அளவு. இந்திய விதிகளின்படி அது 1000 பி.பி.எம்-க்கு மிகக்கூடாது, டியூபிலும் அட்டையிலும் அளவை அச்சிட வேண்டும். ஃபுளூரைடு பேஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது.

வயதுக்கேற்ற கவனிப்பு

முதல் பால்பல் சுமார் ஆறு மாதத்தில் முளைக்கும். இரண்டரை வயதுக்குள் இருபது பற்களும் வந்துவிடும். முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்கத் தொடங்கலாம். மூன்று வயது வரை அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பேஸ்ட் போதும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை முழுமையாகப் பழகியிராது. பெரியவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது மேல் முன்பற்களை வரிசையாகக் கரைத்துவிடும். பாலில் சர்க்கரை சேர்த்தால் கேடு மேலும் கூடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று எண்ணிப் பெற்றோர் விட்டுவிடுவதால், வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் பத்து வயதுக்குள் சொத்தையாகிவிடுவதுண்டு. அதன் ஆழமான பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூடலாம். வலியோ ஊசியோ இல்லாத வேலை அது. சொத்தை வரும் வாய்ப்பு மிகுந்த பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவதும் பயனளிக்கும்.

கர்ப்பக் காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது பலருக்கு நேரும். அதற்காகத் துலக்குவதை நிறுத்தக்கூடாது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பல் சிகிச்சை செய்துகொள்வது வசதியானது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் எளிதில் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். முதியோருக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவதாலும், சில மாத்திரைகளால் வாய் உலர்வதாலும் வேர்ச்சொத்தை வரும். புகையிலை மெல்லும் பழக்கம் ஈற்றைக் கெடுப்பதோடு வாய்ப்புற்றுக்கும் வழி வகுக்கிறது.

தண்ணீரும் ஃபுளூரைடும்

குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்தால் பல்லில் பழுப்புக் கறையும், இன்னும் மிகுந்தால் எலும்புக் கோளாறும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் கடுமையானதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. மேற்குப் புறநகர் வீடுகளில் கேன் தண்ணீரும் ஆர்.ஓ. கருவியும் பரவியுள்ளன. ஆர்.ஓ. முறை நீரிலுள்ள ஃபுளூரைடில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. அத்தகைய நீரைக் குடிக்கும் வீடுகளில் பற்களுக்குக் கிடைக்கும் ஃபுளூரைடு பெரும்பாலும் பேஸ்ட்டிலிருந்துதான் வர வேண்டும்.

மரபு வழிகளும் நம்பிக்கைகளும்

பிரஷ் வருவதற்கு முன் தமிழகத்தில் ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவற்றால் பல் துலக்கினார்கள். பின்னர் கோபால் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி போன்றவை வீடுதோறும் புழங்கின. மென்று பதமாக்கிய குச்சி பல்லின் படலத்தை ஓரளவு நீக்கும். ஆனால் ஃபுளூரைடு தராது. எண்ணெய் கொப்பளித்தலும் அப்படியே. கரித்தூள், செங்கல் தூள், உப்பு ஆகியவற்றால் நாள்தோறும் தேய்ப்பது எனாமலைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்கும்.

பல்லுக்குள் புழு இருக்கிறது என்பதும், அதை எடுத்துக் காட்டுவதாகச் சொல்வதும் உண்மையல்ல. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பதும், பல்லில் படிந்த காறையை நீக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பதும் ஆதாரமற்றவை. காறைதான் பல்லின் பிடிமானத்தைக் கெடுக்கிறது. அதை நீக்கியபின் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவரலாம். பால்பல் விழப்போவதுதானே என்று விட்டுவிடுவதும் தவறு. கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை மெல்ல உதவுகின்றன; அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் காக்கின்றன.

சிகிச்சை வசதிகள்

மேற்குப் புறநகர் பல் மருத்துவக் கல்லூரிகள் செறிந்த பகுதி. 1988-இல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் உள்ளது. மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், முகப்பேரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகிய கல்லூரிகள் இருக்கின்றன. பொதுவாக இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பார்கள். செலவு தனியார் கிளினிக்கைவிடக் குறையும், நேரம் கூடும். 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்தின் அருகே உள்ளது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர் குடும்பங்கள் அத்திட்டத்தின் வழியே பல் சிகிச்சை பெறலாம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பரிசோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் பற்சொத்தையும் ஒன்று. பிள்ளைக்குச் சொத்தை இருப்பதாக எழுதித் தந்த சீட்டு, வலி இல்லை என்பதற்காகப் புத்தகப் பைக்குள்ளேயே தங்கிவிடக்கூடாது. சிறிய அடைப்போடு முடியும் கட்டம் அதுதான்.

உடனே கவனிக்க வேண்டியவை

கன்னமோ தாடையோ வீங்குதல், காய்ச்சலோடு பல்வலி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை ஆகியவை அவசர நிலைகள். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் வலியைத் தணிக்கும், நோயை நீக்காது. மாத்திரையை ஈற்றில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துபோகும். விளையாட்டிலோ விபத்திலோ நிலைப்பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, கூடுமானவரை அரைமணிக்குள் மருத்துவரிடம் சேர்ந்தால் அதைத் திரும்பப் பொருத்தும் வாய்ப்பு அதிகம். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்துவதில்லை.

வலி இல்லாத நாளிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பரிசோதனை தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாத குடும்பம், படுக்கும் முன் ஃபுளூரைடு பேஸ்ட்டால் எல்லோரும் சேர்ந்து துலக்குவது, அதன்பின் தண்ணீர் தவிர எதையும் வாயில் போடாதது என்ற இரண்டில் தொடங்கலாம். குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் தடுப்பு இதுவே.