நடுவில் நிற்கும் திருகு

1930-களின் வால்வு ரேடியோக்களில் ‘டோன்’ என்று ஒரு திருகு இருக்கும். அதன் பின்னால் பெரிதாக ஒன்றும் கிடையாது: ஒரு கெபாசிட்டர், அதோடு தொடராக ஒரு மாறும் ரெசிஸ்டர். உயர்ந்த அலைவெண்களுக்குக் கெபாசிட்டர் எளிதில் வழிவிடும், தாழ்ந்தவற்றைத் தடுக்கும். அதனால் கீச்சொலிகள் அந்த வழியாக இறங்கிப்போக, மிச்சம் ஸ்பீக்கருக்கு வரும். ஒலிபரப்பின் கரகரப்பு அடங்கியது. அரக்கு இசைத்தட்டில் ஊசி உரசும் சத்தமும் அடங்கியது. கூடவே பாடகரின் ‘ச’வும் மழுங்கியது, ஜால்ராவின் கணீரும் போனது. குறைக்க மட்டுமே தெரிந்த திருகு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் நிலைமை மாறியது. 1947-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து வீட்டிலேயே செய்து கேட்டவர்கள் ஏராளம். கருவி துல்லியமானதும் இசைத்தட்டுகளின் குறை பளிச்சென்று கேட்டது. அப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி பாஸை (தாழ்ந்த ஒலிகளை) குறைத்து, ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) கூட்டித் தட்டில் பதித்தது. தட்டை மாற்றினால் திருகையும் திருப்பியாக வேண்டும். டோன் கண்ட்ரோல் அன்று அலங்காரமாக இருக்கவில்லை, அவசியமாகவே இருந்தது.

1949 பிப்ரவரியில் அதே இதழில் ஈ. ஜே. ஜேம்ஸ் ஒரு எளிய சுற்றைத் தந்தார். பாஸுக்கு ஒரு திருகு, ட்ரெபிளுக்கு ஒரு திருகு. இரண்டும் கூட்டும், குறைக்கும். அதற்கு ஒரு விலை இருந்தது. வால்வு இல்லாத இந்தச் சுற்றால் எதையும் பெருக்க முடியாது. ஆகவே முதலில் மொத்த ஒலியையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறக்கி, அதிலிருந்துதான் ‘கூட்ட’ முடிந்தது. இழந்ததை மீட்க இன்னொரு வால்வு வேண்டும். இதற்குத் தேவைப்பட்ட, திருப்பும் அளவுக்குச் சீராக மாறாத லாக் வகைத் திருகுகளோ ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. நடுவில் வைத்தாலும் ஒலி சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

மால்வர்ன் ஊரிலிருந்த அரசு ரேடார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பீட்டர் பாக்ஸாண்டல் இதைத் தீர்த்தார். கெபாசிட்டர், ரெசிஸ்டர் வலையில் பாதியை வால்வின் முன்னாலும், மறுபாதியை அதன் எதிர்ப் பின்னூட்டப் பாதையிலும், அதாவது வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளே திருப்பி அனுப்பும் பாதையிலும் வைத்தார். திருகு நடுவில் நிற்கும்போது இரு பக்கத் தடையும் சமம். எந்த அலைவெண் உள்ளே போனாலும் அதே அளவில் வெளியே வரும். ஒரு பக்கம் திருப்பினால் எவ்வளவு கூடுகிறதோ, மறுபக்கம் அவ்வளவே குறையும். சீராக மாறும் லீனியர் திருகே போதும். பின்னூட்டம் வால்வின் சிதைவையும் குறைத்தது. கூட்டுவதைவிட, ஒன்றுமே செய்யாமல் நிற்கும் அந்த நடுநிலைதான் இதன் பெரிய சாதனை.

1950-இல் பிரிட்டிஷ் ஒலிப்பதிவுச் சங்கத்தின் போட்டியில் இந்தச் சுற்றுக்காக அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. 1952 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் முழு வரைபடத்தையும் எல்லார் முன்னும் வைத்துவிட்டார்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, பிறகு ஐசி வந்தது. சுற்றின் அமைப்பு மாறவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் 4558 ஐசி வைத்த பாஸ்-ட்ரெபிள் போர்டுகளிலும் பெரும்பாலும் அவர் வகுத்த வழியே ஓடுகிறது. சால்டரிங் பழகும் பிள்ளைகளிடம் அந்தப் போர்டைக் கொடுப்பவர்கள், பாக்ஸாண்டல் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.