ஜிதிஷ் கல்லாட்

ஜிதிஷ் கல்லாட் மும்பையின் ஓவியர், சிற்பி. நிழற்படம், ஒளி, எழுத்து ஆகியவற்றைக் கொண்டும் படைப்புகள் செய்துவருபவர். 1974 ஜூலை 14 அன்று மும்பையில், கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். சர் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்று 1996இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ‘பி.டி.ஓ.’ என்ற முதல் தனிக் கண்காட்சி நடந்தது. மனைவி ரீனா சைனி கல்லாட்டும் பெயர்பெற்ற கலைஞர்.

உலக அருங்காட்சியகங்கள் வரை போன இவருடைய படைப்புகளின் கச்சாப்பொருளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆட்டோ, தண்ணீர் டேங்கர், மூங்கில் சாரம், ரொட்டி, சட்டைப் பை என்று எல்லாமே தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் வாசலில் தினமும் கண்ணில் படுபவை. இதே லேபர் கேம்ப்பில் வளர்ந்த பாபுராவ் பாகுல், உழைக்கும் மக்களின் வாழ்வை மராத்திச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். அந்த மக்கள் புழங்கும் தெருவைப் பிற்காலத்தில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கொண்டுபோனவர்களில் கல்லாட் முதன்மையானவர்.

2005 வாக்கில் தொடங்கிய ‘ரிக்‌ஷாபோலிஸ்’ ஓவிய வரிசையில் ஆட்டோ, பஸ், கார், ஸ்கூட்டர், மனிதர், மாடு எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சிதறுகின்றன. இந்தப் பெரிய திரைச்சீலைகளைத் தாங்கி நிற்பவை வெண்கல விலங்கு முகங்கள். மும்பையின் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ரயில் ஸ்டேஷன் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் விலங்குகளின் சாயலில் அவை செய்யப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஸ்டேஷனின் கல் அலங்காரங்களில் வேலை செய்தவர்கள் அருகிலிருந்த ஜே.ஜே. பள்ளியின் மாணவர்கள். ஏறக்குறைய 120 ஆண்டு கழித்து அதே பள்ளியில் படித்தவர் ஒருவர், அந்த விலங்குகளின் வாயில் இன்றைய நகரத்தின் நெரிசலைக் கவ்வக் கொடுத்தார்.

‘டான் கோரஸ்’ ஓவியங்களில் சிக்னலில் புத்தகம் விற்கும் சிறுவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய தலைமுடியே வாகனமும் கூட்டமுமாகப் பின்னிக் கிடக்கிறது. அதே சிறுவன் ‘எருடா’வில் (2006) சுமார் 4 மீட்டர் உயரச் சிலையாகிறான். கையில் புத்தகக் கட்டு. பாதங்கள் வீட்டின் வடிவில். மேனி முழுவதும் பென்சில் கரி பூசப்பட்டிருப்பதால் தொட்டவர் கையில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாம் பார்க்காமல் போகும் பிள்ளையை இவ்வளவு உயரமாக நிறுத்தியது பெரிய காரியம். நகரத்துக் குழந்தைகளைப் பற்றி இந்தியச் சிற்பத்தில் இதைவிட அழுத்தமான கூற்று அரிது.

அடுத்து வந்தவை எலும்பு வாகனங்கள். 2007இல் ‘ஆட்டோசாரஸ் ட்ரிபோஸ்’ என்ற ஆட்டோவும் ‘கொலிடோந்தஸ்’ என்ற காரும், 2008இல் ‘அக்வாசாரஸ்’ என்ற தண்ணீர் டேங்கரும் பிசின் வார்ப்பில் உருவாயின. சக்கரம், இருக்கை, டேங்க் என எல்லாப் பகுதியும் எலும்புகளால் கோத்தது போலிருக்கும். அழிந்துபோன டைனசாரைக் காட்சிக்கு வைத்தது போன்ற தோற்றம். கலவரங்களில் கொளுத்தப்பட்ட வாகனங்களின் படங்கள் இவற்றுக்குத் தூண்டுதலாக அமைந்தன. 1992 டிசம்பர் மும்பைக் கலவரத்தில் எரிந்த பகுதிகளில் தாராவியும் ஒன்று. எரிந்த ஆட்டோவின் கூட்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தச் சிற்பத்தை விளக்கத் தேவையில்லை. டேங்கர் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு காத்து நின்ற பெண்களும் அக்வாசாரஸைத் தங்கள் கண்ணால் படிப்பார்கள். நகரம் குடிக்கும் தண்ணீர் அவர்களுக்கு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

2009இன் ‘க்ரை ஆஃப் தி கிளாண்ட்’ 108 சட்டைப் பைகளின் நிழற்படத் தொகுப்பு. பேனா, சீட்டு, செல்பேசி என்று புடைத்திருக்கும் பைகள் மட்டுமே தெரியும். முகம் எதுவும் இல்லை. 2011இல் பைகுல்லாவின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில், கட்டட வேலைக்குக் கட்டும் மூங்கில் சாரத்தை அச்சு அசலாக வார்த்து, அதன் மேல் வி.டி. விலங்குகளைச் செதுக்கி நிறுத்தினார்.

சொற்களைக் கொண்டு செய்த படைப்புகள் தனி வரிசை. குஜராத் கலவரத்துக்குப் பிறகு, 2003இல் ‘பப்ளிக் நோட்டீஸ்’ வந்தது. 1947 ஆகஸ்ட் நள்ளிரவில் நேரு ஆற்றிய உரையைக் கண்ணாடிப் பலகைகளில் பசையால் எழுதித் தீ வைத்தார். கருகிய எழுத்துகளுக்கு நடுவே பார்ப்பவரின் முகம் கோணலாகத் தெரியும். 2007இல் இரண்டாவது: 1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்கு முந்தைய நாள் காந்தி பேசிய உரை, சுமார் 4,500 எலும்பு வடிவ எழுத்துகளாக. மூன்றாவது 2010இல் சிகாகோ கலை நிறுவனத்தின் மாடிப்படிகளில். 1893 செப்டம்பர் 11 அன்று அந்த இடத்தில் நடந்த சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் பேசியதை, அமெரிக்கப் பயங்கரவாத எச்சரிக்கையின் ஐந்து நிறங்களில் ஒளிரவிட்டார். மதவெறி வேண்டாம் என்ற பேச்சும் இரட்டைக் கோபுரத் தாக்குதலும் ஒரே தேதியில் அமைந்ததை அந்தப் படிகளில் ஏறியவர்கள் உணர்ந்தார்கள்.

காந்தி 1939 ஜூலை 23 அன்று ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தைப் பனிமூட்டத் திரையில் வீழ்த்தும் ‘கவரிங் லெட்டர்’ (2012), 2019 வெனிஸ் பியன்னாலேயின் இந்திய அரங்கில் இடம்பெற்றது. கடிதத்தின் ஊடாகவே நடந்து கடக்கலாம்.

இவ்வளவு பெரிய வரலாற்றைத் தொட்டவர் தம் தந்தையைப் பற்றிச் செய்த ‘எபிலாக்’ (2010–11) மிக எளியது. தந்தை உயிரோடிருந்த நாட்களுக்கு ஒன்றாக 22,889 நிலவுகள்; ஒவ்வொரு நிலவும் தேய்ந்தும் வளர்ந்தும் நிற்கும் ஒரு ரொட்டி. ஒரு மனிதனின் ஆயுளை அவன் சாப்பாட்டால் அளந்த இந்தப் படைப்பையே இவருடைய ஆகச் சிறந்ததாகச் சொல்ல வேண்டும்.

2014இல் கொச்சி-முசிறிஸ் பியன்னாலேயின் இரண்டாம் பதிப்புக்குக் கலை இயக்குநராக இருந்தார். 2017இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய 25 ஆண்டுப் படைப்புகளைத் தொகுத்துக் காட்டியது. ஆஸ்திரியாவின் ஸ்டோக்கராவ் நகரில், நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகை போல வளைந்து சுழலும் இவருடைய பெரிய சிற்பம் 2015 முதல் சாலை வட்டத்தில் நிற்கிறது. டிக்கெட் இல்லாமல் யாரும் பார்க்கலாம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கும் இந்த வேளையில், அங்கே எழும் சாலைச் சந்திப்பு ஒன்றிலும் இப்படி ஒரு சிற்பத்துக்கு அரசும் மாநகராட்சியும் இடம் ஒதுக்க வேண்டும்.