அழைக்கும் குரலும் நீளும் கையும்

மயிலாப்பூர் லஸ் பகுதியில் திருமயிலைப் பறக்கும் இரயில் நிலையத்தைக் கடந்து செல்வோர், அதன் தூண்களுக்கிடையே கறுத்துத் தேங்கிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை அன்றாடம் காண்கின்றனர். பெரும்பாலும் மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்து போகின்றனர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி, 1877-78ஆம் ஆண்டுகளில், பஞ்சத்தால் நலிந்த மக்களுக்குக் கூலி வேலை அளிக்கும் பொருட்டு வெட்டப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. பட்டினியால் மெலிந்த கைகள் வெட்டிய கால்வாய் அது. 138 ஆண்டுகளுக்குப் பின், 2015 டிசம்பரில், அதே கால்வாயும் அதே அடையாறும் கரை மீறி நம் இல்லங்களுக்குள் புகுந்தன.

இவ்விரு துன்ப வேளைகளிலும் சென்னை மாநகர் உதவி கேட்டுக் குரல் எழுப்பியது. முன்னது தந்திக் கம்பியின் வழியே சென்றது. பின்னது கைப்பேசியின் வழியே சென்றது. தொலைவில் உள்ளவரின் துன்பம் நம் செவிக்கு எட்டுவது எவ்வாறு? எட்டிய பின் நாம் செய்வது யாது? சமூக ஊடகங்களைப் பற்றி நம் பங்குகளில் நடைபெறும் உரையாடல்கள், ஒன்று அவற்றை வானளாவப் புகழ்வதாகவோ, அன்றி இளைஞரைக் கெடுக்கும் பேய் என்று பழிப்பதாகவோ முடிந்துவிடுகின்றன. வரலாற்றின் துணைகொண்டு நோக்கினால் இவ்விரண்டிற்கும் இடையே தெளிவான பாதை ஒன்று தென்படும்.

கப்பலில் சென்ற மடல்

தூய பிரான்சிஸ் சவேரியார் 1545ஆம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் மயிலையில் தங்கி, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்தார் என்பதை நம் மக்கள் நன்கறிவர். அதற்கு முந்தைய ஆண்டின் சனவரித் திங்களில், முத்துக்குளித்துறையில் தாம் கண்டவற்றைக் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதினார். இங்குள்ள மக்களுக்குப் பணியாற்ற ஆளில்லையே என்னும் ஏக்கம் அம்மடல் முழுவதும் இழையோடுகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, நேரில் சென்று, கல்வியைத் தம் பெருமைக்காக மட்டுமே தேடுவோர் முன் பித்தனைப்போல் கூவத் தோன்றுகிறது என்று அவர் அதில் குறிப்பிட்டார்.

கடற்பயணம் பல மாதங்கள் நீண்ட காலம் அது. ஆயினும் அம்மடல் கைகளால் படியெடுக்கப்பட்டது. 1545ஆம் ஆண்டிலேயே பாரிசில் அச்சேறியது. ஒருவர் எழுதியதைப் பலர் படித்துப் பிறருக்கு அனுப்புவதையே இன்று ‘பகிர்தல்’ என்கிறோம். அம்முறை புதிதன்று. அம்மடலைப் படித்தவர்களுள் சிலர் வியந்ததோடு நின்றனர். சிலர் கப்பல் ஏறினர். அச்சிலரால்தான் அம்மடல் பயன் பெற்றது.

தந்திக் கம்பியும் நிழற்படமும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம், தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்தது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். நிவாரண வேலைத் தலங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே கூலியாகப் போதும் என்று அரசு சிக்கனம் பேசிய நாட்கள் அவை.

அப்போது ‘மெட்ராஸ் டைம்ஸ்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் வில்லியம் டிக்பி. 1877 ஆகஸ்டு 4ஆம் நாள் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம், இங்கிலாந்து மக்களிடம் நேரடியாக உதவி வேண்டுவது எனத் தீர்மானித்தது. வேண்டுகோள் தந்தியாக இலண்டனுக்குப் பறந்தது. கடலடிக் கம்பி இந்தியாவையும் இங்கிலாந்தையும் இணைத்து அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. சவேரியார் காலத்தில் பல மாதங்கள் கடந்து சேர்ந்த செய்தி, ஒரே நாளில் சென்று சேர்ந்தது. இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் நிதி திரட்டப்பட்டது. ஆறு இலட்சம் பவுனுக்கும் மேற்பட்ட தொகை சேர்ந்தது. சென்னையின் துயரை முன்பின் கண்டறியாத எளிய மக்கள் பலரும் அதில் பங்குகொண்டனர்.

இது பெருமைக்குரிய செய்தி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. வேண்டுகோள் சென்றபோது பஞ்சம் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு கடந்திருந்தது. மக்கள் மடிந்துகொண்டிருந்த அந்நாட்களிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. அதே கம்பிகள்தாம் தானியத்தின் சந்தை விலையையும் சுமந்து சென்றன. ஒரே கருவி இரக்கத்திற்கும் இலாபத்திற்கும் ஒருங்கே பணி செய்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்குரியது. ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்ற பஞ்ச மக்களை வரிசையாக அமர்த்தி நிழற்படம் எடுத்தார். அப்படங்கள் பலர் கண்களைத் திறந்தன என்பது உண்மை. ஆனால் அம்மக்களுக்கு உதவாமல் அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்கினார் என்ற கண்டனமும் அக்காலத்திலேயே எழுந்தது. நிவாரணப் பொட்டலத்தை ஒரு கையால் நீட்டி, மறு கையால் தற்படம் எடுத்துக்கொள்ளும் நம் காலத்தவர்க்கு இக்கண்டனம் பொருந்தாதா?

வெள்ள நாட்களின் குரல்

2015 நவம்பர் திங்களில் மட்டும் சென்னை நகரில் நூறு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்திருந்தது. டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தை வெள்ளம் தொட்டது. கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் நீரில் மூழ்கின. 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு, தன் வரலாற்றில் முதன்முறையாக டிசம்பர் 2ஆம் நாள் அச்சாகவில்லை. விமான நிலையம் மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. பின்னாளில், 2018இல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, இவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது.

அந்நாட்களில் டுவிட்டர் என வழங்கிய, இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள தளமும், முகநூலும், வாட்ஸ்அப்பும் ஒரு மாநகரின் அவசர அலுவலகமாயின. நடிகர் சித்தார்த்தும் வானொலித் தொகுப்பாளர் பாலாஜியும் தம்மைப் பின்தொடர்வோரைத் தன்னார்வலர்களாகத் திரட்டினர். யாருக்குப் படகு வேண்டும், யார் வீட்டில் தங்க இடமுண்டு, எங்கே உணவு கிடைக்கும் என்பவை பட்டியல்களாகத் தொகுக்கப்பட்டன. அருண் கணேஷ் என்னும் வரைபட வல்லுநர் தொடங்கிய இணைய வரைபடத்தில், வெள்ளம் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். ஈராயிரத்திற்கும் மேற்பட்ட தெருக்கள் அவ்வாறு குறிக்கப்பட்டன. நகருக்குள் கைப்பேசிகள் செயலற்றுப்போக, பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்த பிள்ளைகள் தம் பெற்றோருக்காக முகவரி எழுதி உதவி கேட்டனர். முகம் அறியாதோர் சென்று மீட்டனர்.

எனினும் அம்முகவரிக்குச் சென்றது எது? படகு. அதைச் செலுத்தியவர் யார்? பட்டினப்பாக்கம், காசிமேடு, கோவளம் போன்ற குப்பங்களின் மீனவர்கள் பலர், தங்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இராணுவத்தாருடனும் தீயணைப்புத் துறையினருடனும் சேர்ந்து மக்களைக் காத்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அனைத்தையும் இழந்த அதே கடலோர மக்கள் இவர்கள். வெள்ளம் வடிந்தபின் குப்பை மலைகளை அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் எந்தப் பட்டியலிலும் பெயர் பதித்தவர்கள் அல்லர்.

பொய்ச் செய்திகளும் அதே வேகத்தில் ஓடின. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள், பண்ணையினர் மறுத்தனர். 250 சென்டிமீட்டர் மழை வரப்போவதாக அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பெயரால் ஒரு புரளி பரவியது, அதுவும் பொய்யே. பிறரைக் குறை கூறுவானேன்? முதியோர் இருவர் மாடியில் சிக்கியுள்ளனர் என்று எனக்கு வந்த செய்தி ஒன்றை, இரக்கத்தால் உந்தப்பெற்று உடனே பலருக்கு அனுப்பினேன். என் சொல்லை நம்பி இளைஞர் நால்வர் இடுப்பளவு நீரில் சென்றனர். அம்முதியோர் முந்திய நாளே மீட்கப்பட்டிருந்தனர். அந்த இரண்டு மணி நேரத்தில் அவ்விளைஞர்கள் வேறொரு வாசலில் நின்றிருக்கலாம். செய்தியில் இருந்த தொலைபேசி எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்திருந்தால் போதும். அன்று முதல், சரிபாராமல் அனுப்புவதை அசட்டை என்று கருதாமல் குற்றம் என்றே கருதி வருகிறேன்.

செவிக்கு எட்டாதோர்

இங்கே நம் மனச்சான்றைத் தொடும் வினா ஒன்று எழுகிறது. உதவி கேட்கத் தெரிந்தவருக்கு உதவி விரைந்தது. ஆங்கிலத்தில் எழுதவும் இருப்பிடத்தைச் சுட்டவும் வல்லவரின் தெருக்கள் வரைபடத்தில் ஒளிர்ந்தன. அடையாற்றின் கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தோருக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. வரைபடத்தில் குறி இல்லாத இடத்தில் துன்பம் இல்லை என்று கொள்வதற்கில்லை. குறிப்பதற்கு ஆளில்லை என்பதே பொருள்.

வெள்ளம் வடிந்த பின்னரும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. ஆற்றோரக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. கல்வியாண்டின் நடுவில் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர். அடையாற்றிலும் மயிலையிலும் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள், நெடுந்தூரம் பேருந்தில் பயணம் செய்யவோ வேலையைத் துறக்கவோ வேண்டியதாயிற்று. டிசம்பர் முதல் வாரத்தில் இரவு பகலாய் ஒலித்த குரல்கள் அவர்களுக்காக அதே ஆற்றலோடு ஒலிக்கவில்லை. ஊடகம் அடுத்த செய்திக்கு நகர்ந்திருந்தது. நாமும் உடன் நகர்ந்தோம். அன்று மழை பெய்ததும் இலண்டன் சென்னையை மறந்ததுபோல், நாம் பெரும்பாக்கத்தை மறந்தோம். அதற்கு ஊடகத்தை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

நம் கடமை

இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆணையை வெளியிட்ட நாள் 1963 டிசம்பர் 4. திருத்தந்தை பிரான்சிஸ் 2014ஆம் ஆண்டின் தொடர்பு நாள் செய்தியில், நல்ல சமாரியரின் உவமையைத் தொடர்பாளருக்கு முன்மாதிரியாக வைத்தார். அவ்வுவமையில் அடிபட்டவனைக் கண்டவர் மூவர். காண்பதில் மூவருக்கும் வேறுபாடில்லை. அருகில் சென்றவர் ஒருவரே. அவரும் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், சாவடிக்குக் கொண்டுபோய்ச் செலவுக்கும் பொறுப்பேற்று, திரும்பி வந்து பார்ப்பதாக உறுதியளித்தார். திரும்பி வருதலே நம் காலத்தில் அரிதாகிவிட்ட அறம்.

எனவே நம் பங்குகளில் சில எளிய வழக்கங்களை மேற்கொள்ளலாம். வரும் வேண்டுகோளை அழைத்து உறுதிசெய்த பின்னரே அனுப்புதல். உதவி கிடைத்துவிட்டால் அதையும் உடனே அறிவித்தல். உதவி பெறுபவரின் முகத்தைப் படமாக்காதிருத்தல். கைப்பேசி இல்லாத முதியோர், நோயாளர், தனித்து வாழ்வோர் ஆகியோரின் பட்டியலை அன்பியம்தோறும் மழைக்காலத்திற்கு முன்பே எழுதி வைத்தல். 1833இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையார் இன்றும் ஏழையின் வீட்டுக்கு நேரில் செல்வதையே தம் முதற்பணியாகக் கொண்டுள்ளனர். அவர்கள் கால்நடையாகச் சென்று அறிந்ததையும் இளைஞர் கைப்பேசியில் அறிந்ததையும் ஒன்று சேர்த்தால், எவருடைய குரலும் விடுபடாது.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தபோது மீண்டும் அதே தளங்களில் அதே குரல்கள் எழுந்தன. இனியும் எழும், அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் எங்கும் போய்விடவில்லை. அடுத்த ஐப்பசி பிறப்பதற்கு முன், இவ்விதழை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் தெருவில் கைப்பேசி இல்லாத ஒருவரின் கதவைத் தட்டி, அவர் பெயரையும் தேவையையும் கேட்டறிந்து வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.