முப்பது ரூபாயின் வரலாறு



மருத்துவப் பணியாளர் செய்து முடித்த பணியை எண்ணி, அதற்கேற்ப ஊக்கத்தொகை அளித்தால் நாட்டு மக்களின் உடல்நலம் ஓங்கும் என்று இக்காலத்து அறிஞர் பலர் கூறுகின்றனர். இது புதிய கருத்து என்று எண்ணிவிட வேண்டா. நம் மாநிலம் இதனை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது.

1956-ஆம் ஆண்டில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில் இருந்த ஊர்கள். மானாவாரிச் சோளமும் கம்பும் விளைந்த வறண்ட பூமி. அவ்வாண்டில் சென்னை அரசு, பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக, கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு ரூ. 30 வழங்க முற்பட்டது. உழவுத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ ஒரு ரூபாயாக இருந்த காலம் அது. ஆகவே ஒரு மாதக் கூலியைக் காட்டித்தான் அரசு அவரை அழைத்தது. 1959-இல் ஆள் அழைத்து வருபவர்க்கும் பணம் தரப்பட்டது. அங்கேதான் வினை தொடங்கிற்று. பிள்ளை பெறும் வயதைக் கடந்த முதியவரையும் தரகர் அழைத்து வந்தனர் என்ற குறை எழுந்தது. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், எந்தத் தலை என்று தரகர் ஏன் பார்க்கப் போகிறார்?

பின்னர் இந்திய அரசும் இவ்வழியில் இறங்கி, ஊழியர்க்கு இலக்கு வகுத்தது. நெருக்கடி நிலையின்போது, 1976–77 ஆகிய ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு அறுவை நடந்தது. பல இடங்களில் ஊக்கம் போய் வற்புறுத்தல் வந்தது. 1977 தேர்தலில் மக்கள் அதற்கு விடை கூறினர். எனினும் இலக்கு ஒழியவில்லை.

1980-களின் இறுதியில் நான் அரியலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் உதவி ஆசிரியன். மார்ச்சு மாதம் ஒரு நாள் கிராமச் செவிலியர் ஒருவர் பள்ளிக்கு வந்து, “சார், மாதம் முடிய இன்னும் இரண்டு கேஸ் வேண்டும். யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார். நள்ளிரவில் நடந்து சென்று பிரசவம் பார்த்தவர். வீடுதோறும் அலைந்து தடுப்பூசி போட்டவர். அவற்றை மேலதிகாரிகள் பெரிதாகக் கொள்ளவில்லை. அந்த இரண்டு எண்களையே கேட்டனர். அன்று நான் அவரைச் சற்று இளக்காரமாகவே நோக்கினேன்.

பின்னர் நானும் தலைமை ஆசிரியனானேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு என் தலைமேல் ஏறியது. தேறமாட்டார் என்று தோன்றிய பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்தி வைத்தேன். விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. நிறுத்தப்பட்டவருள் சிலர் மறுபடியும் பள்ளிக்கு வரவே இல்லை. அந்தச் செவிலியரின் நிலை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

1995-இல் தமிழ்நாட்டில் இவ்விலக்கு முறை நீங்கியது; அடுத்த ஆண்டு இந்தியா முழுவதிலும் நீங்கியது. பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அதே 1995-இல்தான். (அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் பிரிந்த கதை வேறு.)

பணம் தரும் வழக்கம் நின்றதா எனில், இல்லை, பெறுபவர் மாறினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் 2006-இல் ரூ. 6,000 ஆகவும், 2011-இல் ரூ. 12,000 ஆகவும் உயர்ந்தது. 2011 முதல் அதனை மூன்று தவணையாக்கினர்: கருவுற்ற காலப் பரிசோதனைக்குப் பின் ஒன்று, அரசு மருத்துவமனையில் மகப்பேற்றுக்குப் பின் ஒன்று, குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பின் ஒன்று. பணம் தரகரிடம் செல்லாது தாயிடமே சென்றது. செவிலியர்க்கோ மாதச் சம்பளம் இருந்தது. 2018–20 ஆண்டுகளின் கணக்குப்படி, இலட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் இறந்தோர் 54. இது முழுவதும் உதவித்தொகையின் பயன் என்று நான் கூறேன். இரவும் பகலும் திறந்திருந்த ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாடு 2006-இல் இதனைச் சோதனையாகவே செய்தது. சில நிலையங்களுக்குப் பணிக் கணக்குப்படி பணம்; வேறு சிலவற்றிற்கு அதே அளவு பணம், கணக்குக் கேட்காமல். முதல் வகையில் நிலையத்தில் நிகழும் மகப்பேறு 23 விழுக்காடு மிகுந்தது. நான்கு முறை பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கையோ, முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையோ மிகவில்லை. மகப்பேற்றுக்குக் குறித்த தொகை பெரிது. பரிசோதனைக்குக் குறித்தது சிறிது.

அச்செவிலியர் தாம் பார்த்த பிரசவங்களை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். ஓய்வு பெறும் நாளில் எனக்கு அதனைக் காட்டினார். என் மாணவர் பலருடைய பிறந்த நாள்கள் அதில் இருந்தன.