கையொப்பம் முதல் சொடுக்கு வரை: இணையவழிக் கருத்தாய்வில் தகவலறிந்த ஒப்புதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வின் நோக்கத்தையும் விளைவையும் விளக்கிய பின்னர், அதில் பங்கேற்பவரின் இசைவைத் தடையின்றிப் பெறுவது தகவலறிந்த ஒப்புதல் எனப்படும். மருத்துவக் களத்தில் தோன்றிய இக்கோட்பாடு கருத்தாய்வுக்கும், பின்னர் இணையவழிக் கருத்தாய்வுக்கும் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உடலுக்கு நேரும் தீங்கை முன்னிறுத்தி எழுந்த விதிகள், தகவலால் நேரும் தீங்கைப் பிற்காலத்திலேயே கருத்தில் கொண்டன. அதனால் இணையவெளியில் ஒப்புதலின் வடிவம் எஞ்சி, அதன் பொருள் தேய்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: தகவலறிந்த ஒப்புதல், இணையவழிக் கருத்தாய்வு, ஆய்வு அறம், தகவலாளர், தனியுரிமை.

முன்னுரை

கள ஆய்வாளர் ஒருவர் வீடுவீடாகச் சென்று வினாநிரலை நிரப்பிய காலத்தில், தகவலாளர் அவர் முகத்தைப் பார்த்தார்; எதற்காக என்று கேட்டார்; விருப்பமில்லையெனில் கதவைச் சாத்தினார். இன்று அதே வினாநிரல் கூகுள் படிவமாக வாட்ஸ்அப் குழுக்களில் வந்து சேர்கிறது. அதன் தலைப்பில் 'ஆய்வு நோக்கத்திற்காக மட்டும்' என்ற ஒருவரி காணப்படுகிறது. அந்த ஒருவரி ஒப்புதலாகுமா என்னும் வினாவிற்கு விடை காண, ஒப்புதல் என்னும் கோட்பாடு எத்தகைய சூழலில் உருவானது என்பதை அறிதல் வேண்டும்.

மருத்துவக் களத்தில் தோற்றம்

ஒப்புதல் குறித்த தொடக்ககால அரசு ஆணைகளுள் ஒன்று 1900-இல் பிரஷ்யாவில் வெளியானது. ஆல்பர்ட் நைசர் என்னும் மருத்துவர் மேகநோய் ஆய்வுக்காகப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலே ஊசி செலுத்தியமை எழுப்பிய கண்டனமே அதற்குப் பின்னணியாகும். தீய விளைவுகளை விளக்கி ஐயத்திற்கிடமற்ற இசைவைப் பெறவேண்டும் என்று அவ்வாணை கூறியது. நாசி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில், 1947-இல், நியூரெம்பெர்க் நெறிமுறை இடம்பெற்றது. அதன் பத்து நெறிகளுள் முதலாவது, ஆய்வுக்கு உட்படுபவரின் தன்னார்வ ஒப்புதலை இன்றியமையாததாக்கியது. 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கை இதனை விரிவாக்கியது.

நெறிகள் வகுக்கப்பட்ட பின்னரும் மீறல்கள் தொடர்ந்தன. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள் மேகநோய் ஆய்வில் வைக்கப்பட்டனர். நோயுற்றிருந்தோருக்குத் தம் நோயின் உண்மைத் தன்மை கூறப்படவில்லை. பெனிசிலின் பயன்பாட்டிற்கு வந்த பின்னரும் அது வழங்கப்படவில்லை. இச்செய்தி வெளிப்பட்டதன் விளைவாக 1974-இல் அமெரிக்காவில் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை வெளியானது. ஒப்புதலுக்கு மூன்று கூறுகள் உண்டென அவ்வறிக்கை வகுத்தது. அவை, தகவல் தருதல், அதனைப் புரிந்துகொள்ளல், தன்னார்வம் என்பன. பிற்கால நடைமுறைகளை மதிப்பிட இம்மூன்றும் அளவுகோலாக அமைகின்றன.

கருத்தாய்வும் விதிவிலக்கும்

வினாக் கேட்பதால் உடலுக்கு ஊறு நேர்வதில்லை. இந்த எண்ணமே கருத்தாய்வு தனித்து நடத்தப்படக் காரணமாயிற்று. எனினும் லாட் ஹம்ஃப்ரீஸின் ஆய்வு இவ்வெண்ணத்தை ஏற்கெனவே கேள்விக்கு உட்படுத்தியிருந்தது. பொதுக் கழிப்பிடங்களில் தன்பாலுறவு கொண்ட ஆண்களை மறைமுகமாகக் கவனித்த அவர், அவர்களுடைய வாகன எண்களைக் கொண்டு முகவரிகளைக் கண்டறிந்தார். ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின் தோற்றத்தை மாற்றிக்கொண்டு அவர்களுள் 50 பேரின் வீடுகளுக்குச் சென்று, சமூகநலக் கருத்தாய்வு என்ற பெயரில் வினவினார். 1970-இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு பெரும் விவாதத்தை எழுப்பியது. அந்த ஆண்கள் வினாக்களுக்கு விடையளிக்க இசைந்தனர் என்பது உண்மை. தாம் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்பதை அவர்கள் அறியவில்லை என்பதும் உண்மை. அச்செயல் குற்றமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், பெயர்ப்பட்டியல் வெளிப்பட்டிருந்தால் குடும்பமும் வேலையும் பறிபோயிருக்கும். விடையளிக்க இசைவது வேறு, விடையின் பயன்பாட்டிற்கு இசைவது வேறு என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

1981-இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதிகள், அடையாளம் வெளிப்படாத, தீங்கு குறைந்த கருத்தாய்வுகளுக்கு விலக்களித்தன. தகவலாளரை ஆய்வோடு இணைக்கும் ஒரே சான்று கையொப்பம்தான் என்னும் நிலையில், கையொப்பத்தைத் தவிர்க்கவும் அவை இடந்தந்தன. கையொப்பமே தகவலாளரைக் காட்டிக்கொடுக்கலாம் என்பதால் இத்தளர்வு நியாயமானதே. ஆயினும் தளர்த்தப்பட்டது கையொப்பம் மட்டுமே. விளக்கும் கடமை அன்று. நடைமுறையில் இவ்வேறுபாடு நாளடைவில் மங்கியது.

இணையத்தின் வருகை

ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனம் 1994 ஜனவரியில் உலகளாவிய வலைப் பயனர்களிடையே தன் முதல் கருத்தாய்வை நடத்தியது. 1999-இல் சர்வேமங்கி தொடங்கப்பட்டது. 2008-இல் கூகுள் படிவ வசதி வந்தது. கருத்தாய்வு நடத்துவதற்கான செலவு பெரிதும் குறைந்தது. இணைய ஆய்வாளர் சங்கம் 2002-இல் தன் முதல் அறநெறிப் பரிந்துரைகளை வெளியிட்டது. எனினும் கருவிகள் பரவிய வேகத்திற்கு நெறிகள் ஈடுகொடுக்கவில்லை.

இவ்விடைவெளியின் விளைவு 2018-இல் உலகறியத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன், ஆளுமை வினாநிரல் ஒன்றை முகநூல் செயலியாக அமைத்திருந்தார். விடையளித்தோருக்குச் சிறுதொகை வழங்கப்பட்டது. ஏறத்தாழ 2,70,000 பேர் ஒப்புதல் பொத்தானைச் சொடுக்கினர். அச்சொடுக்கு அவர்களுடைய தரவுகளோடு அவர்தம் நண்பர்களின் தரவுகளையும் திறந்துவிட்டது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என முகநூல் நிறுவனம் அறிவித்தது. அத்தரவுகள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தைச் சென்றடைந்தன. இந்தியாவில் அச்செயலியை நிறுவியோர் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியோர் 5,62,455 பேர் என்பது அந்நிறுவனம் அளித்த எண்ணிக்கை.

பெல்மாண்ட் அளவுகோலின்படி நோக்கினால், இங்கு மூன்று கூறுகளும் குறைவுபட்டன. அரசியல் பயன்பாடு குறித்த தகவல் தரப்படவில்லை. தராததைப் புரிந்துகொள்ள வழியில்லை. நண்பர்களின் தன்னார்வத்தை எவரும் வினவவேயில்லை. ஹம்ஃப்ரீஸிடம் 50 பேர் அளவில் நிகழ்ந்தது இங்குக் கோடிக்கணக்கில் நிகழ்ந்தது எனலாம்.

சட்டமும் அதன் எல்லையும்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, மௌனத்தையும் முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தையும் ஒப்புதலாக ஏற்கவில்லை. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் தருவதைப் போலவே திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்கவேண்டும் என்கிறது. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பையும் அது கட்டாயமாக்குகிறது. அவ்வட்டவணையில் தமிழும் உள்ளது.

ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தனிநபர் குறித்த முடிவெதற்கும் பயன்படுத்தப்படாத ஆய்வு, புள்ளியியல் பணிகளுக்கு, வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றும் நிபந்தனையுடன் விலக்களிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் உயிர்மருத்துவ, உடல்நல ஆய்வுகளை நோக்கியவை. மொழி, இலக்கியம், நாட்டுப்புறவியல், கல்வியியல் துறைகளின் வினாப்படிவங்கள் பெரும்பாலும் இவ்விரு வேலிகளுக்கும் வெளியே நிற்கின்றன. அங்குத் தகவலாளருக்குக் காவலாக அமைவது ஆய்வாளரின் மனச்சான்றே.

நடைமுறைச் சிக்கல்கள்

வினாப்படிவத்தின் அமைப்பே ஒப்புதலைப் பாதிக்கிறது. எல்லா வினாக்களும் கட்டாயமாக்கப்பட்டால், ஒரு வினாவை மட்டும் மறுக்கும் உரிமை பறிபோகிறது. மின்னஞ்சல் முகவரி சேகரிக்கப்படும் படிவத்தில் 'பெயர் வெளியிடப்படாது' என்னும் உறுதிமொழி முழு உண்மையாகாது. ஆய்வாளருக்கேனும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அடையாளமே சேகரிக்கப்படாத படிவத்திலோ, அனுப்பிய விடையைப் பின்னர் பிரித்தெடுத்து நீக்க இயலாது. ஆகவே விலகும் உரிமை எந்தக் கட்டம் வரை செல்லும் என்பதை முன்னரே கூறுதல் வேண்டும்.

பேராசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்கே படிவத்தை அனுப்பும்போது சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. அகமதிப்பெண் வழங்குபவரின் வேண்டுகோளை மாணவர் மறுப்பது எளிதன்று. அந்நிலையில் பெறப்படும் இசைவு பணிவின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். விடையளித்தோர் யார், அளிக்காதோர் யார் என்பதை ஆசிரியர் அறிய இயலாதவாறு பிறர்வழித் தரவு திரட்டுவது இதற்கு ஒரு தீர்வாகும்.

முடிவுரை

ஒப்புதல் விதிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தீங்கிற்குப் பின்னரே எழுதப்பட்டன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கையொப்பம் சொடுக்காக மாறியது பிழையன்று. விளக்கமின்றிச் சொடுக்கு மட்டும் எஞ்சியதே பிழை. யார் வினவுகிறார், எதற்காக, விடைகளை யார் காண்பர், எவ்வளவு காலம் வைத்திருப்பர், எப்படி விலகலாம் ஆகிய ஐந்திற்கும் எளிய தமிழில் விடைதரும் ஒரு பத்தி, படிவத்தின் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். கதவைச் சாத்தும் உரிமை அன்றைய தகவலாளருக்கு இயல்பாகவே இருந்தது. இணையவெளியில் அந்தக் கதவையும் ஆய்வாளரே அமைத்துத் தர வேண்டியுள்ளது.